யார் கொடுத்த பால்

பிள்ளையார்பாளையம்,
16-7-1967

மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு, மச்சான் பஞ்சாட்சரம் எழுதுவது. இங்கே நானும் தறியும் சௌக்கியம். அங்கே நீங்கள், தங்கை குழலி, மருமகன் சம்பந்தம், அப்புறம் என் பொன்னி, எல்லோர் சுகத்தையும் வரிசை மாறாமல் எழுதவும்.

முதலில் அந்தத் தபால் கார்டுக்கு மன்னிப்பு. கவர் வாங்கிப் போட்டிருக்க வேண்டியது. 'உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சுல காசம், குழந்தையைக் கிட்டயே விடக்கூடாது, தாய்ப்பால் கூடவே கூடாது' என்று டாக்டர் சொன்ன பதற்றத்தில், ஆஸ்பத்திரி வாசலில் கிடைத்த கார்டை வாங்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். குழலியும் கைக்குழந்தைக்காரி, என் பிள்ளைக்கும் இனி அவள்தான் கதி என்று எழுத வேண்டும். எழுத வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு என்னிடம் வார்த்தையே இல்லை என்று. பெண்கள் 'பால் குடுக்கறது' என்பார்கள். ஆண்கள் நாம் ஒன்றும் சொல்வதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவோம். எட்டாவது வரை படித்தேன், எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் தாய்ப்பாலைப் பற்றிச் சர்க்கார் போர்டு. அதிலிருந்த கொட்டை எழுத்தை அப்படியே இறக்கிவிட்டேன்: 'சகோதரி ஏலவார்குழலி தன் முலைப்பாலை எமது சிசுவுக்கு நாள்தோறும் தவறாது அளித்து உதவக் கோருகிறேன்.'

உங்கள் ஊர்த் தபால்காரர் அதை டீக்கடையில் நின்று உரக்கப் படித்தாராம். ஒருத்தர், 'இன்னாபா இது, பஞ்சாயத்து நோட்டீஸா?' என்றாராம். நீங்கள் கார்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, 'எம் மச்சான் படிச்சவரு, அப்டித்தான் எழுதுவாரு' என்றீர்களாம். வாலாஜாபாத் சந்தைக்குப் போய்வந்த எங்கள் தெரு ஆள் மூலம் எல்லாம் வந்து சேர்ந்தது. இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் 'நாள்தோறும் தவறாது' என்கிறார்கள்.

ஆனாலும் நீங்கள் அன்றைக்கே குழலியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கமலாட்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து நிற்காத அழுகை நின்றது. நீங்களும் நானும் வெளியே நின்றோம். நீங்கள் மழையைப் பற்றிப் பேசினீர்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் வார்த்தை தெரியவில்லை. போர்டிலும் இருக்காது.

பொன்னி என்னைத் தேடுகிறாளா? இரண்டு மாதப் பிள்ளை தேடாது என்று தெரியும். இருந்தாலும் எழுதவும்.

பஞ்சாட்சரம்

பி.கு: இனிமேல் கவரில்தான் எழுதுவேன்.


தென்னேரி,
27-7-1967

மச்சானுக்குத் தணிகாசலத்தின் வணக்கம். வரிசையாகக் கேட்டீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். நான் சுகம், குழலி சுகம், சம்பந்தம் சுகம், எங்கள் பொன்னி எல்லோரையும்விடச் சுகம். கமலாட்சி அக்காவுக்கு ஊசி மருந்து ஒத்துக்கொள்கிறதா?

நான் மாடு கன்று போடுகிற வீட்டில் பிறந்தவன், எனக்கு இதில் வெட்கம் கிடையாது. ஒரு பக்கம் இவன், ஒரு பக்கம் அவள். இவன் அவளைக் காலால் எத்துவான். அவள் கண்ணைக்கூடத் திறக்காமல் தன் காரியத்தில் இருப்பாள். வயிறு நிறைந்ததும் ஏப்பம் விட என் தோளுக்கு வருவாள், பிறகு என் மார்மேலேயே தூக்கம். குழலி வாங்கப் போனால் சிணுங்குகிறாள். நான் மடை பார்க்கப் போவதுகூட இப்போது தாமதமாகிறது.

குழலி ஒன்று எழுதச் சொன்னாள். பொன்னி பிறந்த அன்று, இவள் சம்பந்தத்துக்குத்தான் என்று நாம் வெற்றிலை மாற்றிச் சிரித்தோம் அல்லவா? அது இனி இல்லை. 'ஒரே பாலைக் குடிச்சதுங்க, இனிமே அண்ணன் தங்கச்சி. நான் அவளுக்கு அத்தை இல்ல, அம்மா. அண்ணங்கிட்ட சொல்லிடுபா' என்றாள். எங்கள் பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. மருமகள் என்றால் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். மகள் இப்போதே வந்துவிட்டாள்.

உங்களைத் தேடுகிறாளா என்று கேட்டீர்கள். நன்றாகத் தூங்குகிறாள்.

தணிகாசலம்


பிள்ளையார்பாளையம்,
4-8-1967

மாப்பிள்ளைக்கு, சுகம். அங்கும் அப்படியே என்று உங்கள் கடிதத்தில் வேண்டிய அளவுக்கு மேலேயே தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடிதத்தில் 'எங்கள் பொன்னி' என்று ஒரு கைப்பிழை இருந்தது. திருத்திப் படித்துக்கொண்டேன்.

முறை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குத் தினம் ஒரு அம்மாள் பால் கொடுக்கிறாள். பால்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அதற்காக அவள் வந்து எவன் பிள்ளையையும் என் பிள்ளை என்றதில்லை. அது மாட்டுப் பால் என்பீர்கள். சரி. உங்கள் பிள்ளைக்குத் திருஞானசம்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்பாளே பால் கொடுத்தாள். அதனால் அது பெற்றவர்களை விட்டுவிட்டு அம்பாளோடு போய்விட்டதா? அப்பன் தோளில் ஏறித்தானே ஊர் ஊராகப் போயிற்று? அதிலும் அம்பாள் ஜாக்கிரதையாகப் பொற்கிண்ணத்தில்தான் கொடுத்தாள். வம்பு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகையால் குழலி அத்தைதான், நீங்கள் மாமாதான். அவள் செய்கிற உபகாரத்துக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவன். ஆனால் 'பால் குடுத்தா' என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம், அதில் வேறு ஒன்றையும் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மாரில் ரோமம் அதிகம். கைப்பிள்ளைக்கு உறுத்தும். பாய் விரித்து, மேலே பழைய சேலை போட்டுப் படுக்க வைப்பது உத்தமம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால் நான்தான்.

கமலாட்சியை மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், இருமினாள், மறுபடி படிக்கச் சொன்னாள். மார்மேல் தூங்கும் இடத்தை இரண்டாம் தடவை நான் படிக்கவில்லை. அவள் இல்லாமல் தறிக்கு ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதும் நானே, சமைப்பதும் நானே. நேற்று கஞ்சி தீய்ந்தது, இன்று இழை அறுந்தது. நாளைக்கு இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

பஞ்சாட்சரம்


தென்னேரி,
22-9-1967

மச்சானுக்கு வணக்கம். எல்லோரும் நலம். நடவு நேரம், கடிதம் எழுத உட்கார முடியவில்லை, கோபிக்க வேண்டாம்.

பொன்னி குப்புற விழுந்தாள். அன்று வீட்டில் பாயசம். சிரிக்கிறாள், ஆள் பார்த்துத்தான்.

சம்பந்தர் கதை எழுதியிருந்தீர்கள். குழலிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னாள்: 'அதே கதையில அப்பங்காரன் இன்னா பண்ணான்னு எழுதலியா? கம்பை ஓங்கிக்கினு யார் குடுத்த பாலைக் குடிச்சேன்னு புள்ளையக் கேட்டானே. அதான் எங்கண்ணனுக்குப் பொருத்தம்.'

நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

தணிகாசலம்


பிள்ளையார்பாளையம்,
16-10-1967

மாப்பிள்ளைக்கு, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி என் நிலையை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அன்று சாயங்கால பஸ்ஸில் பிள்ளையோடு திரும்ப வந்து உங்கள் வாசலில் நின்றபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கே இந்தக் கடிதம்.

ஆயுதபூஜைக்குத் தறியில் சந்தனம் வைக்கிற அன்று பிள்ளை வீட்டில் இருக்கட்டும், இரண்டு நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்று உங்களிடம் சொல்லி வாங்கி வந்தேன் அல்லவா. அது பாதிதான். பெரிய கடையில் புட்டியும் மாவுப்பால் டின்னும் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். டின்மேல் ஒரு குண்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. யார் கொடுத்தது என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு நாளில் பொன்னியைப் புட்டிக்குப் பழக்கிவிட்டால் பிறகு தென்னேரி எதற்கு என்பது என் யோசனை.

வெந்நீர் வைத்து, டின்னில் அச்சடித்தபடியே கலக்கி, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, மடியில் போட்டுக்கொண்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டுத் திறக்கவைத்தால் நாக்காலேயே வெளியே தள்ளினாள். பசி ஏற ஏற முகம் சிவந்தது. கடைசியில் என் மாரில் முகத்தை வைத்துத் தேடினாள், மாப்பிள்ளை. இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒழுங்காக நெய்யாத சேலையைக் கடைக்காரர் அப்படித்தான் பார்ப்பார்.

அழுகை கேட்டுத் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பூவம்மாள், 'குடுங்கண்ணா, நான் ஒரு வாய் குடுக்கறேன், எனக்கும் கைப்புள்ளை இருக்குது' என்று கையை நீட்டினாள். நான் கொடுக்க எழுந்தேன். அதே நேரம் மனசு கணக்குப் போட்டது: பூவம்மாளுக்கும் மூன்று பையன்கள். குழலி சொல்கிறபடி பார்த்தால் அந்த மூன்றும் இவளுக்கு அண்ணன்கள் ஆகிவிடுமே! அந்த முறையை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை, ஆனாலும் கை பின்னால் போனது. எதிர் வீட்டுச் செல்லியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

'இன்னா யோசிக்கற? தெருவுல ஆளுக்கு ஒரு வாய் குடுத்துட்டா அப்பறம் மாப்பிள்ளைக்கு வேற ஊருக்குப் போவணுமேன்னா?'

தெருவே சிரித்தது. பூவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், இன்னும் பேசவில்லை. செல்லியம்மாள் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: 'புகட்டறது வேற, குடுக்கறது வேறபா. புகட்டறதுக்குக் கை போதும். குடுக்கறதுக்கு ஆளு வேணும்.'

தறிக்குச் சந்தனம் வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வாலாஜாபாத்தில் பஸ் மாறும்போது அவளுக்கு அழக் குரலே இல்லை.

குழலி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கண்ணும் அழுது வீங்கியிருந்தது. என்னைத் திட்டாமல் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கொடுக்க முடியாவிட்டால் கொடுப்பவளுக்கும் வலிக்கும் என்று ஆஸ்பத்திரிப் போர்டில் போடவில்லை.

இதனால் முறை விஷயத்தில் நான் இறங்கிவந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டின் பாலை நானே காபியில் போட்டுக் குடிக்கிறேன். நன்றாக இருக்கிறது.

பஞ்சாட்சரம்


ஆஸ்பத்திரியிலிருந்து,
10-12-1967

வணக்கத்துடன் கமலாட்சி. எனக்கு இருமல் குறைந்திருக்கிறது, எடை ஏறுகிறது என்று நர்ஸம்மா சொல்கிறார். நீங்கள் வேளைக்குச் சாப்பிடவும். தார் சுற்றச் செல்லியம்மாளைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பூவம்மாளிடம் நான் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

புட்டிக் கதையை நீங்கள் சொல்லவில்லை. குழலி எழுதிவிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒன்று கேட்கிறேன். பெற்றவள் நான். பால் கொடுப்பவள் குழலி. பொருமுவது என்றால் நான்தானே பொருமணும்? நீங்கள் எதற்குப் பொருமுகிறீர்கள்? உங்களிடமிருந்து அவள் என்ன எடுத்துக்கொண்டாள்? பால் கொடுத்தவள் அம்மா இல்லை என்று மாதாமாதம் வந்து என்னிடம் வாதாடுகிறீர்கள். எனக்காகப் பேசுவதாக நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இங்கே வந்த புதிதில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பிறகு நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

குழந்தை குடிக்கும்போது குழலியின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொள்கிறாளா என்று அடுத்த தடவை போகும்போது பாருங்கள். என்னிடம் இருந்தபோது பிடித்துக்கொள்வாள். குழலியிடம் கேட்க வேண்டாம். நீங்களாகப் பாருங்கள். நீங்கள்தான் வெளியே போய்விடுவீர்களே, சரி, வேண்டாம்.

கமலாட்சி


பிள்ளையார்பாளையம்,
3-3-1968

கமலாட்சிக்கு ஆசிகள். மாத்திரையை விடாமல் சாப்பிடு, சித்திரையில் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பூவம்மாள் பேசுகிறாள்.

நீ டிசம்பரில் கேட்டதற்கு இதுவரை பதில் எழுதவில்லை. நேரில் வந்தபோதும் ஆரஞ்சை உரித்துக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். பதில் தெரியாததால்தான். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், நீயே பதில் எடுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை தென்னேரிக்குப் போனேன். பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சம்பந்தம் என்னைப் பார்த்ததும் 'மாமா!' என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கு நான் தாய்மாமன், அது சரி. அவன் பின்னாலேயே பொன்னி சுவரைவிட்டு ஓரடி வைத்து, உட்கார்ந்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, வாய் நிறையச் சொன்னாள், 'மாமா.'

முதல் வார்த்தை கமலாட்சி, அதுவும் எனக்கே. பாதிக்குப் பாதி சந்தோஷம்.

பிள்ளைகள் இப்படித்தான் உளறும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வயலிலிருந்து வந்தார். அவள் என் மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். 'ப்பா, ப்பா' என்று தவழ்ந்து போய் அவர் சேற்றுக் காலைப் பிடித்துக்கொண்டாள். அது உளறல் இல்லை. அவருக்குச் சங்கடம். 'மாமா சொல்லு, மாமா' என்று தன்னைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார், பாவம். அவள் திரும்பி என்னைப் பார்த்து, 'மாமா' என்றாள். மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் நானே மாமா.

குழலி உள்ளேயிருந்து சிரித்தாள். 'சரியாத்தான் சொல்லுது. பால் குடுத்தவ நானு. எங்கூடப் பொறந்தவன் நீ. அப்போ நீ மாமாதானே?'

யோசித்துப் பார். முறைப்படி அதில் ஓட்டையே இல்லை. அவள் அம்மா என்றால் நான் என் பெண்ணுக்கே தாய்மாமன். இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இதற்காகத்தான் போலிருக்கிறது.

நீ கேட்ட இன்னொரு விஷயம். நான் வெளியே போவதற்கு முன் ஒரு நொடி நின்று பார்த்தேன். தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொள்வதில்லை. கையை விரித்துக் காற்றில் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

பஞ்சாட்சரம்


தென்னேரி,
28-4-1968

அண்ணனுக்குக் குழலி வணங்கி எழுதுவது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அண்ணி வருகிற சந்தோஷத்தில் நீ தறியை விட்டுவிடாதே.

அண்ணி வந்ததும் பொன்னியை அனுப்ப வேண்டும், அதற்குள் பால் மறக்கடிக்க வேண்டும் என்று வேப்பங்கொழுந்து அரைத்துப் போட்டேன். சம்பந்தத்துக்கும் சேர்த்தே. அவன் துப்பிவிட்டு விளையாடப் போய்விட்டான். இவள் போகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, கசந்தது தெரிந்தும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இப்போது மறந்துவிட்டாள். சோறு, இட்லி, கீரை எல்லாம் சாப்பிடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

இன்னொரு காரியம். வைகாசிக் கடைசியில் இங்கே அம்மன் கோயிலில் சம்பந்தத்துக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி உன்னுடையது, சீர் கொண்டுவர வேண்டியது உன் பொறுப்பு. பொன்னிக்கும் அன்றே குத்திவிடலாம் என்று இவர் சொல்கிறார். ஆனால் அவளை யார் மடியில் உட்காரவைப்பது? அண்ணியோடு பிறந்ததெல்லாம் பெண்கள்.

நான் பால் கொடுத்தவள் என்பதை நீ ஒப்புக்கொண்டால் அவளுக்கும் தாய்மாமன் நீதான். மடி வீட்டிலேயே இருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் அத்தை, நீ அப்பன். அப்பன் மடியில் வைத்துக் குத்துகிற வழக்கம் நமக்கில்லை. அண்ணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது தேடிக்கொள். இரண்டில் ஒன்று எழுது. கோபமாக எழுதவில்லை.

குழலி


தென்னேரி,
27-5-1968

மச்சானுக்கு வணக்கம். அக்கா வீடு வந்து சேர்ந்தது எங்களுக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி. பொன்னி அவர்களிடம் ஒட்டிக்கொண்டாளா?

குழலி கடிதத்துக்கு இன்னும் உங்கள் பதில் இல்லை. நாள் நெருங்குகிறது. காது குத்துகிற பத்தரிடம் ஒரு பிள்ளையா இரண்டு பிள்ளையா என்று சொல்ல வேண்டும்.

அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று நான் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன் என்று வருத்தப்பட்டீர்களாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் அப்புறம் நெடுநேரம் கிளம்பவில்லை, அது வேறு.

என் மாரில் ரோமம் அதிகம் என்று முன்பு எழுதினீர்கள். அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள். இப்போது அங்கே யாரைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்? உங்களையா? இதை எழுதும்போது ஒன்று புரிகிறது மச்சான். போன வருஷம் முழுக்க நீங்கள் எனக்கு எழுதிய கடிதமெல்லாம் எப்படிப்பட்ட மனசோடு எழுதினீர்கள் என்று.

உங்கள் மகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

தணிகாசலம்


பிள்ளையார்பாளையம்,
16-6-1968

மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு, பஞ்சாட்சரம். கமலாட்சி சுகம். பொன்னியின் காது இலேசாகச் சீழ் வைத்து, மஞ்சள் போட்டு ஆறிவருகிறது. சம்பந்தத்துக்கு எப்படி இருக்கிறது? குழலி, நீங்கள்? இந்தத் தடவை வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

நான் ஏன் பதிலே எழுதாமல் அன்று காலையில் இரண்டு தட்டுச் சீரோடு வந்து இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் எதையும் கேட்கமாட்டீர்கள், அது ஒரு குறை உங்களிடம். நானே சொல்கிறேன்.

குழலி சொன்னபடி ஒன்றுவிட்ட மாமன் தேடினேன். சின்ன காஞ்சிபுரத்தில் கமலாட்சிக்குப் பெரியப்பா வழியில் ஒரு அண்ணன், பரசுராமன் என்று பெயர், மளிகைக்கடை வைத்திருக்கிறார். போய்ச் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, 'கொண்டாபா, நம்ம பொண்ணுதானே' என்றார். தங்கமான மனுஷர். நல்ல அகலமான மடி. நான் அந்த மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெண் அதில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். உங்கள்மேல் ஒரு வருஷமாகப் பொருமினதெல்லாம் சேர்த்து அந்த மனுஷர்மேல் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. வெல்லம் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கமலாட்சியிடம் சொன்னேன். பொன்னி அப்போதுதான் இரண்டு வாரமாகி அவளிடம் தூங்கப் பழகியிருந்தாள். கையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். 'அப்பாவா வெளிய நிக்கறியா, மாமாவா மடியில வெச்சுக்கறியா? நீயே சொல்லு' என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டிருப்பாள்.

எனக்கு மடிதான் வேண்டும் என்று அப்போது தெரிந்தது. குழலி கொடுத்த பாலுக்கு என்ன அர்த்தமோ அது அப்படியே இருக்கட்டும். ஒப்புக்கொள்கிறேன்.

அன்று கோயிலில் நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சம்பந்தம் முதலில் உட்கார்ந்து, பத்தரைக் கடித்து, என் வேட்டியை நனைத்து எழுந்தான். பிறகு பொன்னி. வாழைப்பழம் கையில், 'மாமா, மாமா' என்று சொல்லிக்கொண்டே தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அவள் என் மடியில் உட்கார்ந்ததே இல்லை.

பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு, 'தாய்மாமன் யாருபா?' என்றார்.

'நான்தான்.'

'ரெண்டு புள்ளைக்குமா?'

'ரெண்டுக்கும்தான்.'

குழலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கமலாட்சி அவள் முதுகைத் தட்டினாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வருஷமாக அவள் கேட்டதைத்தானே சொன்னேன்.

பொன்னி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பத்தர் சலித்துக்கொண்டு, 'ஆடாம தலையப் புடிக்கணும். பொண்ணுக்கு அப்பன் யாருபா? வந்து புடி' என்றார்.

நீங்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள், பிறகு கீழே பார்த்தீர்கள். கூப்பிட்டால் வரலாமா, வந்தால் நான் என்ன நினைப்பேன் என்று உங்கள் கால் இரண்டு பக்கமும் இழுத்ததை நான் பார்த்தேன். நான்தான் தாடையை ஆட்டி, 'வாங்க மாப்பிள்ளை, வந்து புடிங்க' என்றேன். நீங்கள் ஓடிவந்து அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். ஊசி இறங்கியதும் அவள் கத்தியது உங்களைப் பார்த்து. பிடித்துக்கொண்டது என் சட்டையை. அந்தப் பித்தான் அறுந்துவிட்டது, தைக்கவில்லை, தைக்கவும் சொல்லவில்லை.

இவ்வளவும் நீங்கள் பார்த்ததுதான். பார்க்காதது ஒன்று இருக்கிறது. பத்தர் அப்பன் யார் என்று கேட்டு, நான் உங்கள் பக்கம் தாடையை ஆட்டுவதற்கு முன்னால், வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

'அதுவும் நான்தான்.'